தூபத்தின் மணமும் மூச்சின் நலமும்

திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக் கலய நாயனார், இறைவன் திருமுன் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். வீட்டில் அடுப்பெரியாத நாளொன்றில், நெல் வாங்கி வருமாறு மனைவியார் கழற்றித் தந்த தாலியையும் குங்கிலியப் பொதிக்கு மாற்றிக் கோயிலில் சேர்த்தவர் என்று பெரிய புராணம் அவரைப் போற்றுகிறது. இறைவனுக்குச் செய்யும் பதினாறு உபசாரங்களிலும், அவற்றைச் சுருக்கிச் சொல்லும் ஐந்து உபசாரங்களிலும் தூபத்துக்கு இடமுண்டு. அத்தகைய தூபத்தைக் குறை கூற எந்த அடியவருக்கும் நா எழாது.

ஆயினும் நாயனார் இட்ட குங்கிலியம் மரத்தின் பிசின். அதை இட்ட இடம் உயர்ந்த மண்டபங்களும் திறந்த பிராகாரங்களும் உள்ள கற்றளி. இன்று வடவள்ளியிலோ சிங்காநல்லூரிலோ உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் பூசையறை என்பது சன்னல் இல்லாத சிறு அறை. பல வீடுகளில் சமையலறைச் சுவரில் பதித்த ஓர் அலமாரி. அங்கே காலையில் இரண்டு ஊதுவத்தி, மாலையில் இரண்டு, வெள்ளிக்கிழமையானால் கம்ப்யூட்டர் சாம்பிராணி, நிறைவாகக் கற்பூர ஆரத்தி. பெயரில் தூபம் ஒன்றுதான் என்றாலும், பொருளும் இடமும் மாறிவிட்டன.

கடைகளில் விற்கும் பெரும்பாலான ஊதுவத்திகள் மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளும் மரத்தூளும் ஒட்டுப்பசையும் சேர்ந்த மாவைப் பூசிச் செய்யப்படுபவை. இந்தக் கறுப்புக் குச்சிக்குத் தனக்கென மணம் கிடையாது. டைஎத்தில் தாலேட் போன்ற கரைப்பானில் கலந்த செயற்கை வாசனைத் திரவத்தில் அதைத் தோய்த்து எடுக்கிறார்கள். சந்தனம், தாழம்பூ, மல்லிகை என்று உறையின் மேல் எத்தனை பெயர்கள் இருந்தாலும் உள்ளே இருக்கும் குச்சி ஒன்றே. கம்ப்யூட்டர் சாம்பிராணியும் பெரும்பாலும் கரியும் மரத்தூளும்தான். சாம்பிராணிப் பிசின் அதில் எவ்வளவு என்பது செய்தவருக்கே வெளிச்சம். இவை எரியும்போது நுண்துகள்களோடு கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு ஆகியவையும் வெளிப்படுகின்றன.

இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வொன்றில், ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் ஏறத்தாழ 45 மில்லிகிராம் துகள்கள் வெளிவருவதாக அளந்துள்ளனர். அதே ஆய்வில் ஒரு கிராம் சிகரெட்டுக்குக் கிடைத்த அளவு ஏறத்தாழ 10 மில்லிகிராம். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள அறையில் சுமார் 12 கன மீட்டர் காற்று இருக்கும். கதவை மூடி ஒரு கிராம் ஊதுவத்தியை ஏற்றினால், கன மீட்டருக்கு ஏறத்தாழ 3,700 மைக்ரோகிராம் துகள்கள் சேரும். பாதி வெளியேறிவிட்டது என்று தள்ளுபடி செய்தாலும் 1,800க்கு மேல் எஞ்சும். நுண்துகள்களுக்கு நம் நாடு வகுத்துள்ள 24 மணி நேர வரம்பு 60; உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 15. சில நிமிட அளவையும் முழுநாள் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முற்றிலும் சரியன்று. எல்லா ஊதுவத்தியும் ஒரே அளவு புகைவிடுவதும் இல்லை. என்றாலும் இடைவெளியின் பெருக்கம் எண்ணிப் பார்க்க வைக்கிறது.

சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை 45 வயதுக்கு மேற்பட்ட சீன வம்சாவளியினர் 61,320 பேரை ஓர் ஆய்வில் சேர்த்துப் பல்லாண்டுகள் கண்காணித்தனர். அவர்களும் வீட்டில் முன்னோர்க்கும் தெய்வங்களுக்கும் நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றுபவர்கள். நெடுங்காலம் ஊதுவத்திப் புகையில் இருந்தவர்களுக்கு வாய், தொண்டை முதலிய மேற்சுவாசப் பாதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்ததாக 2008இல் வெளியான முடிவு கூறியது. நுரையீரல் புற்றுநோய் ஒட்டுமொத்தமாகக் கூடியதாக அதில் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இதைக் காட்டி, நாளுக்கு ஒரு குச்சி ஏற்றுபவரை அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவருக்கும் புற்றுநோய்க் கணக்கு வரை போக வேண்டியதே இல்லை. அன்றைய புகை அன்றே இருமலாகவும் இரைப்பாகவும் வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் கொங்கு நாட்டு முதியோருக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. கோவையில் முதல் நூற்பாலை 1888இல் எழுந்தது. பைக்காரா மின்சாரம் வந்த பின் ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளின் புளோரூமிலும் கார்டிங்கிலும் இருபது முப்பது ஆண்டுகள் நின்றவர்கள் பலர் இன்று எழுபதைக் கடந்து பேரன் பேத்திகளோடு வாழ்கிறார்கள். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்குப் பிஸினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். வேலையை விட்டபின் பலருக்கு அது தணிந்தாலும், நெடுநாள் தூசியில் இருந்த சிலருக்கு நுரையீரலின் வலு முழுதும் திரும்புவதில்லை. அந்த வீட்டு அம்மையாரோ எரிவாயு அடுப்பு வரும் வரை பருத்திமாரும் சோளத்தட்டும் விறகும் எரித்துச் சமைத்தவர். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் மூச்சடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை முக்கியக் காரணம் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. இப்படி ஏற்கெனவே கடன்பட்ட நுரையீரலின் மேல்தான் பூசையறைப் புகை புதிய வட்டியாக ஏறுகிறது. மாலை விளக்கேற்றியபின் இருமல் வந்தால் “பனிக்காலம், அதான்” என்று சொல்லிவிடுகிறோம். ஒரு வாரம் ஊதுவத்தி இல்லாமல் விளக்கு மட்டும் ஏற்றிப் பார்த்தால் பனியா புகையா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து கற்பூரம். தன்னில் எதையும் மிச்சம் வைக்காமல் எரிந்து ஒளியில் கலப்பதால், ஆன்மா இறைவனோடு ஒன்றுவதற்குக் கற்பூர ஆரத்தியை உவமை காட்டுவது மரபு. தட்டில் மிச்சம் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் பூசையறையின் மேற்கூரையை நிமிர்ந்து பார்த்தால் கரி படிந்திருக்கும். முன்னாளில் கற்பூரம் கீழ்த்திசை நாடுகளின் கற்பூர மரத்திலிருந்து வந்தது; இன்று பெரும்பாலும் பைன் மரத்துத் தார்ப்பீன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுகிறது. கரிப்புகையையும் தீ விபத்தையும் கருதிப் பல திருக்கோயில்களில் கருவறையில் கற்பூரத்தை விடுத்து நெய்த்தீபமே காட்டுகிறார்கள். கோயிலே ஏற்றுக்கொண்ட மாற்றத்தை வீட்டில் செய்யத் தயங்குவானேன்?

கற்பூரத்தின் புகையைவிடப் பெரிய ஆபத்து அதன் வில்லையில் இருக்கிறது. நீரில் கரைத்துத் தீர்த்தத்திலும் பொங்கலிலும் சேர்ப்பது உண்ணத்தக்க பச்சைக் கற்பூரம், அதுவும் கடுகளவே. ஆரத்திக் கற்பூரம் உண்ணத்தக்கது அன்று. ஆனால் தவழும் குழந்தையின் கண்ணுக்கு அது கற்கண்டு. சிறு குழந்தையின் வயிற்றுக்குள் ஒரு கிராம் அளவு போனாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். வீட்டிலிருந்த கற்பூரத்தால் வலிப்பு கண்ட மூன்று குழந்தைகளைப் பற்றி நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவர்கள் 2009இல் எழுதினார்கள். நம் ஊர்க் குழந்தை மருத்துவர்களுக்கு இது புதிய செய்தியே அன்று. சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிப் பச்சிளங்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். தோல் வழியாகவும் அது உட்செல்லும். குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், கைவைத்தியம் எதையும் தேடாமல், 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மீதமுள்ள கற்பூர டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையின் தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவது பாட்டிமார் அன்போடு செய்யும் வழக்கம். அந்நாளில் அதைச் செய்தது திண்ணையிலும் ஓட்டு வீட்டிலும். தாயும் சேயும் இருக்கும் கதவடைத்த அறையில் கரிக்கங்கைக் கொண்டுபோய் வைப்பது வேறு. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே குழந்தையின் முடி உலர்ந்துவிடும்.

பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் அந்துருண்டையும் இந்த வரிசையில் சேரும். அது நாஃப்தலீன் என்னும் வேதிப்பொருள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் அதை வகைப்படுத்தியது. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை வாசம் ஏறிய துணியில் சுற்றுவதாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை முற்றலாம். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரிவதில்லை. பேரனை ஏந்தப் பெட்டியிலிருந்து எடுத்த பழம்புடவையை வெயிலில் நன்கு காயவைத்துத் துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பெட்டிக்கு உலர்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் வசம்பும் போதும்.

கொசு ஓட்டும் ஊதுவத்தி என்று சில்லறைக் கடைகளில் விற்பதைப் பூசை ஊதுவத்தியோடு சேர்த்து வாங்கி வருவோர் உண்டு. அங்கீகாரமற்ற பூச்சிக்கொல்லிகள் கலந்த குச்சிகள் சந்தையில் நிறைய உள்ளன. உறையில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இல்லாததை வீட்டுக்குள் விடலாகாது. ஒரு கொசுவத்திச் சுருள் 75 முதல் 137 சிகரெட்டுக்கு இணையான நுண்துகள்களைத் தரும் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஊதுவத்திக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2025இல் வெளியிட்ட ஐ.எஸ். 19412 என்னும் தர வரையறை, பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளையும் சில செயற்கை வாசனைப் பொருள்களையும் அதில் சேர்க்கக் கூடாது என்கிறது. அறை மணக்க அடிக்கும் ஸ்பிரேயும் வாசனைத் தரைக் கழுவியும் புகை விடுவதில்லைதான். ஆனால் எலுமிச்சை மணம் தரும் லிமோனின் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடாக மாறுகிறது.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் அன்போடு தந்தால் ஏற்பதாகச் சொல்பவை இலை, மலர், கனி, நீர். அந்தப் பட்டியலில் புகை இல்லை. மணம் வேண்டுமென்றால் சத்தியமங்கலத்து மல்லிகை ஒரு முழம் போதும். கல்லில் இழைத்த சந்தனம் அதனினும் மேல். ஊதுவத்தி இல்லாமல் மனம் நிறையாதவர்கள், ஒன்றை ஏற்றி இறைவனுக்குக் காட்டியபின் பால்கனியிலோ துளசி மாடத்தருகிலோ செருகிவிடலாம். ஏற்றும் நேரத்தில் எதிரெதிரே இரு சன்னல்களைத் திறந்து வைத்தால் புகை தங்காது. ஸ்தோத்திரம் படிப்பதையும் மூச்சுப் பயிற்சியையும் புகை அடங்கிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஆழ்ந்து மூச்சிழுக்கும் நேரத்தில் எதிரே புகைந்துகொண்டிருப்பது பிராணாயாமத்தின் பயனைக் கெடுக்கும்.

திருவிழா நாள்களில் புகையைத் தவிர்க்க இயலாது. மாசியில் கோனியம்மன் தேரோட்டத்தின்போதும், ஊர்தோறும் பூச்சாட்டு நாள்களில் தீச்சட்டி வரும்போதும், இரைப்பு உள்ளவர்கள் காற்று வரும் திசையில் சற்றுத் தள்ளி நின்று வணங்கலாம். மருதமலைக்கோ சிவன்மலைக்கோ செல்லும்போது, தேங்காய் பழக் கூடையை மறந்தாலும் கீழேயே வாங்கிக்கொள்ளலாம். மருத்துவர் தந்த இன்ஹேலரை மட்டும் மறவாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.