நெகட்டிவ் என்று சொல்ல வேண்டியவர்கள்

ஐ.வி.எஃப். சிகிச்சையில், கருவைக் கர்ப்பப்பையில் வைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, கர்ப்பம் தரித்ததா என்று அறிய பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். முடிவைத் தம்பதிக்குச் சொல்லும் பொறுப்பு பல கருத்தரிப்பு மையங்களில் நர்ஸிடம் வந்து நிற்கிறது. “சிஸ்டர், ரிசல்ட் வந்துடுச்சா?” என்று போனில் கேட்கும் பெண்ணுக்கு நாள் தவறாமல் ஊசி போட்டவர் அவர். மாமியார் வீட்டுப் பேச்சையும், தங்கையின் வளைகாப்புக்குப் போகாமல் ஒதுங்கிய கதையையும் கேட்டவர். அவரே ‘நெகட்டிவ்’ என்று சொல்லவும் வேண்டும். சொன்ன கையோடு அடுத்த தம்பதியிடம் பேச வேண்டும். அங்கே பாசிட்டிவ் என்றால், குரலில் அழுகையின் சாயல் தெரியக் கூடாது.

குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளின் வலியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அவர்களுக்குச் சிகிச்சை தருபவர்களின் மனதைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

இந்தச் சிகிச்சை தோல்விகளின் மேல்தான் எழுந்தது. இங்கிலாந்தில் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸும் மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவும் 1969 முதல் 1978 வரை ஓல்டாமில் நடத்திய முயற்சியில் பங்கேற்ற பெண்கள் 282 பேர். 112 முறை கரு வைக்கப்பட்டது. பிறந்த குழந்தைகள் இரண்டே இரண்டு. முதல் குழந்தை, 1978 ஜூலை 25-ல் பிறந்த லூயிஸ் பிரவுன். மற்ற பெண்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லித்தானே ஆக வேண்டும்?

அந்தக் குழுவில் ஜீன் பர்டி என்ற நர்ஸ் இருந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து ஓல்டாமுக்கு ஆண்டுக்கணக்கில் பயணம் செய்து, கருவியல் வேலையைத் தானே கற்று, ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். லூயிஸ் ஆகப்போகும் கரு பிளவுபடுவதை மைக்ராஸ்கோப்பில் முதலில் கண்டவர் அவர்தான். ஆனால் சாதனையைக் கொண்டாட மருத்துவமனையில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயர் இல்லை. தன் பங்குக்கு நிகரானது அவர் பங்கு என்று எட்வர்ட்ஸ் கடிதம் எழுதியும் பலனில்லை. 1985-ல், 39 வயதில், பர்டி புற்றுநோயால் இறந்தார். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2010-ல். பர்டியின் பெயர் தாங்கிய பலகை 2015-ல்தான் வந்தது. நர்ஸின் உழைப்பைக் கண்டுகொள்ளாத உலகம், அவர் மனதை எங்கே கண்டுகொள்ளப்போகிறது?

ஆய்வுக்கூடத்தின் பாரம் வேறு வகை. கருமுட்டை எடுத்த மறுநாள் காலை, எத்தனை முட்டை கருவானது என்று எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியலாளர்) பார்க்கிறார். சில நாள்களில் ஒன்றுகூட கருவாகியிருக்காது. ஒரு லேபிள் மாறினால் ஒரு குடும்பமே மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொருவர் சாட்சியாக நின்று பெயரைச் சரிபார்க்கிறார். 2018-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு சேமிப்புத் தொட்டியில் வெப்பநிலை ஏறி 4,000-க்கும் அதிகமான கருமுட்டைகளும் கருக்களும் பாழாயின. அப்படி ஒரு செய்தியைப் படித்தபின் எந்த எம்ப்ரியாலஜிஸ்ட் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்?

கர்ப்பமாக இருக்கும் நர்ஸின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். தன் வயிறு எதிரே இருப்பவரைக் குத்துமோ என்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வது பரிவுதான். ஆனால் தன் மகிழ்ச்சியை ஒரு குற்றம்போல மறைக்க நேர்வது கொடுமை. தனக்கே குழந்தை இல்லாமல் இந்த வேலை பார்ப்பவர்களுக்கோ, ஒவ்வொரு பாசிட்டிவும் ஒரு சோதனை.

நம் நாட்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 2021, தம்பதிகளுக்குக் கவுன்சலிங் தர வேண்டும் என்று மையங்களுக்குக் கட்டளையிடுகிறது. நல்ல சட்டம். ஊழியர்களுக்கு அப்படி ஒன்றை அது கேட்கவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும், மையம் நடத்துபவர்கள் செய்யலாம். கவுன்சலர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். வாரத்தில் ஒரு மணி நேரத்தை அவர் நர்ஸுகளுக்கும் ஆய்வுக்கூடத்தாருக்கும் ஒதுக்கட்டும். கெட்ட செய்தி சொல்லும் வேலை தினமும் ஒரே ஆள் தலையில் விழாமல் முறை மாற்றிக் கொடுங்கள்.