விவசாயிக்கு எந்த மொபைல் போன் போதும்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவு செய்தால், தகவல் போனுக்குத்தான் வருகிறது. பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் கணக்கில் ஏறியதும் போனில்தான் தெரிகிறது. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவுக்குப் போனால், ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் ஓடிபி வருகிறது. மண்வெட்டி, அரிவாள் வரிசையில் மொபைல் போனும் இன்று ஒரு விவசாயக் கருவி.

இதற்காக 10,000, 15,000 ரூபாய் கொடுத்து டச் போன் வாங்க வேண்டுமா? கட்டாயமில்லை. மேலே சொன்னவை எல்லாம் வெறும் குறுஞ்செய்திகள். சுமார் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும் பட்டன் போனிலேயே வந்துவிடும்.

பட்டன் போனில் என்னென்ன செய்யலாம்?

பேசலாம், செய்தி பார்க்கலாம், இரவில் டார்ச் அடிக்கலாம். பயிரில் பூச்சி, நோய் என்றால் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள்.

கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், பட்டன் போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது வரப்பில் நடந்து போக வேண்டியதில்லை.

உழவன் செயலி, வாட்ஸ்அப், பயிரைப் படம் எடுத்து அனுப்புவது போன்றவற்றுக்கு மட்டும்தான் ஸ்மார்ட்போன் வேண்டும். வீட்டில் மகனோ மகளோ ஒருவர் வைத்திருந்தால் அதுவே போதும்.

முதலில் சிம், பிறகு போன்

பலரும் போனை வாங்கிவிட்டுத்தான் சிக்னலைப் பார்க்கிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். ஓரிக்கை, உத்திரமேரூர் சாலையோரத்தில் நன்றாக எடுக்கும் சிம், உள்ளே உங்கள் பம்பு செட் கொட்டகையிலும் எடுக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து நிலத்துக்காரர்களின் போன்களை வைத்து, உங்கள் கிணற்றடியில் எந்தக் கம்பெனி தெளிவாகக் கேட்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, சிம்முக்கு ஏற்ற போன். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். 2023-ல் 999 ரூபாய்க்கு அறிமுகமான ஜியோபாரத் போனில் ஜியோ சிம் மட்டுமே இயங்கும். வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர்கள் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம். 2ஜி, 4ஜி இரண்டும் உள்ள, இரண்டு சிம் போடும் போன் என்றால் பிறகு கம்பெனி மாறினாலும் கவலையில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

- பேட்டரி: கழற்றி மாட்டும் வகையா, 1,000 எம்ஏஎச்சுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தனி பேட்டரி நம் ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.
- தமிழ்: கடையிலேயே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் போன் வேண்டாம்.
- எழுத்தும் பட்டனும்: கண்ணாடி போடாமல் எண் தெரிகிறதா, சேறு பட்ட விரலால் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள்.
- சத்தம்: டிராக்டர், மோட்டார் ஓடும் இடத்திலும் மணி கேட்க வேண்டும்.
- ஐஎம்இஐ: *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பில் இல்லாத பழைய போன் திருட்டுப் போனாக இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

டார்ச்சும் தூசி புகாத பட்டனும் வைத்து 2003-ல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. உழைப்பவர் கைக்கு எது தேவை என்பதற்கு அதுவே சாட்சி.

பணமும் அனுப்பலாம்

பட்டன் போனுக்கான யுபிஐ 123பே வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கியது. வங்கிக் கணக்கில் இணைத்த நம்பரிலிருந்து *99# அழுத்தியும் இருப்பு பார்க்கலாம், பணம் அனுப்பலாம். இன்டர்நெட் தேவையில்லை. முதல் முறை ஏடிஎம் கார்டுடன் வங்கிக்குப் போய் அவர்களிடமே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

போனை விட நம்பர் முக்கியம்

போன் உடைந்தால் வேறு வாங்கலாம். நம்பர் போனால் ஆதார், வங்கி, பிஎம் கிசான் எல்லாவற்றிலும் மாற்ற அலைய வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல், பேசாமல் 90 நாள் கிடந்தால் நம்பர் ரத்தாகலாம். பிறகு அதே நம்பர் வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

இன்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தொலைந்தால் அதே நம்பரைத் திரும்ப வாங்க அதுதான் வழி.

ஏமாற வேண்டாம்

பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் போலிச் செயலி அனுப்பிப் பணம் திருடும் கும்பல்கள் உள்ளன. பட்டன் போனில் அந்தச் செயலி ஏறாது. ஆனால் ஓடிபி கேட்டுப் பேசுபவர்கள் எந்தப் போனுக்கும் வருவார்கள். வங்கி அதிகாரி என்றாலும், வேளாண் அலுவலர் என்றாலும் போனில் ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் காத்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

இந்த எண்ணையும் 1800-180-1551 எண்ணையும் புதுப் போன் வாங்கிய அன்றே பதிந்து வையுங்கள். ஆதாரிலும் வங்கியிலும் எந்த நம்பர் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.