பத்திரமும் பாத்தியமும்

அமெரிக்காவின் கீழ்க்கரையில் குடியேறிய ஐரோப்பியர் அந்நாட்டை எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்று கேட்டால், துப்பாக்கியால் என்று பலர் விடை கூறுவர். அது பாதி உண்மையே. யுத்தங்கள் நடந்தன, கிராமங்கள் கொளுத்தப்பட்டன, கப்பலேறி வந்த வைசூரி முதலிய நோய்கள் யுத்தத்தைக் காட்டிலும் அதிகம் பேரை மாய்த்தன. ஆயினும் அந்நாட்டின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டுவோர் ஒரு விஷயத்தைக் கண்டு ஆச்சரியமடைவர். ஏராளமான நிலத்துக்குக் கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. பூர்வ குடிகளின் தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட குறிகள் அவற்றில் காணப்படுகின்றன, சாட்சிகளும் இருக்கின்றனர். யாவும் சட்டப்படி நடந்தேறியது போலவே தோன்றுகிறது. இத்தோற்றத்தின் உண்மையை நாம் இங்கு சற்று ஆராய்வோம்.

முதலாவது, அரசரின் சாஸனம். 1681-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ல்ஸ், டெலவேர் நதிக்கு மேற்கேயுள்ள ஒரு பெரும் பிரதேசத்தை வில்லியம் பென் என்பவருக்கு எழுதிக் கொடுத்தார். காரணம் யாதெனில், பென்னின் தகப்பனாராகிய கடற்படைத் தளபதிக்கு அரசர் 16,000 பவுன் கடன்பட்டிருந்தார். சாஸனத்தால் கடன் தீர்ந்தது, பென்ஸில்வேனியா பிறந்தது. கடன் அரசருடையது, அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட நிலமோ லெனாப்பே என்னும் பூர்வ குடிகளுடையது. தெற்கே வர்ஜீனியாவில் 1618 முதல் வேறொரு முறை வழங்கி வந்தது. தன் செலவில் கடல் கடந்து ஆள் கொண்டு வருவோருக்கு, ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் கொடுக்கப்பட்டது. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கரும் பிற்பாடு இக்கணக்கில் சேர்ந்தனர். நிலம் கிடைத்தது கொண்டு வந்தவனுக்கேயன்றி, வந்தவனுக்கன்று.

தன்னிடம் இல்லாத பாத்தியத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாது என்பது சட்டம் பயில்வோர் முதலில் கற்கும் பாடம். அப்பாடத்தை அக்காலத்திலேயே எடுத்துரைத்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. பூர்வ குடிகளின் நிலத்தை வழங்க அரசருக்கு உரிமை இல்லையென்று ரோஜர் வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் மாஸச்சூஸெட்ஸில் வாதித்தார். 1635-இல் அவரை அங்கிருந்து வெளியேற்றும்படி தீர்ப்பாயிற்று. இவ்வாதமும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. மறு வருஷம் அவர் நாராகான்ஸெட் தலைவர்களிடம் நிலம் பெற்றுப் பிராவிடென்ஸ் நகரை ஸ்தாபித்தார்.

இரண்டாவது, கிரயப் பத்திரம். விற்றவர் கருதியது ஒன்று. வாங்கியவர் எழுதியது மற்றொன்று. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பயிருக்குமாக நிலத்தைப் பொதுவில் அனுபவித்து வந்தவர்கள், வந்தவரும் நம்முடன் இருந்து அனுபவிக்கட்டும் என்ற எண்ணத்தோடு பல சமயங்களில் குறியிட்டனர். பத்திரமோ வாங்கியவரின் பாஷையில், என்றென்றைக்கும் சகல பாத்தியங்களையும் விட்டுக்கொடுத்ததாகப் பேசிற்று.

வில்லியம் பென் தம் காலத்தில் லெனாப்பேக்களுக்கு விலை கொடுத்து, கூடிய மட்டில் நேர்மையாகவே நடந்தார். 1718-இல் அவர் காலமானார். கடன்பட்டிருந்த அவருடைய புதல்வர்கள், லெனாப்பேக்களிடம் இன்னும் வாங்காத நிலத்தையும் பிறருக்கு விற்கத் தலைப்பட்டனர். அதற்குப் பாத்தியம் காட்ட வேண்டி 1686-ஆம் வருஷத்து நகலொன்றை வெளியே எடுத்தனர். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கக்கூடிய தூரம் வரையில் நிலம் விற்கப்பட்டதாக அது கூறிற்று. மூலப் பத்திரம் காட்டப்படவில்லை.

நதியோரமாகச் சாவதானமாய் நடந்து, இடையிடையே இளைப்பாறிச் செல்வதே நடை என்று லெனாப்பேக்கள் எண்ணினர். பென் புதல்வர்களோ முன்கூட்டியே காட்டில் வழி வெட்டுவித்து, பரிசு பேசி, வலுவுள்ள மூவரைத் தேர்ந்தெடுத்தனர். 1737 செப்டம்பர் 19-ஆம் தேதி காலையில் அம்மூவரும் புறப்பட்டனர். இருவர் இளைத்து விழுந்தனர். எட்வர்ட் மார்ஷல் என்பவன் மட்டும் ஒன்றரை நாளில் சுமார் 65 மைல் கடந்தான். அவன் நின்ற இடத்திலிருந்து நதிக்கு நேரே கோடு இழுக்காமல், வடகிழக்காகச் சாய்த்து இழுத்துப் பல லட்சம் ஏக்கரை உள்ளே அடக்கிக் கொண்டனர். லெனாப்பேக்கள் வெளியேற மறுத்தபொழுது, 1742-இல் இராக்குவாய் கூட்டத்தாரின் பிரதிநிதி கனஸடேகோவைப் பிலடெல்பியாவுக்கு வருவித்து, அவர் வாயாலேயே வெளியேறும்படி கட்டளையிடச் செய்தனர். 1756-இல் ஈஸ்டன் மகாநாட்டில் லெனாப்பே தலைவர் டீடியஸ்கங், இது மோசடி என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். நிலம் திரும்பவில்லை.

மூன்றாவது விஷயம் நமது தேசத்தோடு சம்பந்தப்பட்டது. 1757-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மனுவின்மீது, அட்டர்னி ஜெனரல் பிராட்டும் ஸாலிஸிட்டர் ஜெனரல் யார்க்கும் ஓர் அபிப்பிராயம் எழுதினர். மொகலாயரிடமிருந்தோ இந்திய அரசர்களிடமிருந்தோ மானியமாகவும் உடன்படிக்கையாலும் பெற்ற இடங்களுக்கு இங்கிலாந்து அரசரின் பட்டயம் தனியே வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சில வருஷங்களில் இதன் நகல் அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே நில வியாபாரிகளின் கையில், மொகலாயரைப் பற்றிய சொற்கள் மறைந்தன. "இந்திய அரசர்கள்" என்ற சொற்கள் நின்றன. அமெரிக்கப் பூர்வ குடிகளுக்கும் இந்தியர் என்றே ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தமையால், அபிப்பிராயம் அவர்களுக்கே எழுதப்பட்டது போலாயிற்று! தனிப்பட்டோர் பூர்வ குடிகளிடம் நிலம் வாங்கலாகாதென்று 1763-இல் மூன்றாம் ஜார்ஜ் பிரகடனம் செய்திருந்தும், இந்நகலைக் காட்டியே வில்லியம் மரே என்பவர் 1773-இல் இல்லினாய் கூட்டத்தாரிடம் பெரும் நிலப்பரப்பை விலைக்கு வாங்கினார்.

அக்கிரயத்தின்மீது எழுந்த வழக்கு 1823-இல் ஐக்கிய நாடுகளின் ஸுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. கண்டுபிடித்த ஐரோப்பிய ராஜ்யத்துக்கே நிலத்தின் மேல் பாத்தியம். பூர்வ குடிகளுக்கு இருப்பது அனுபவ உரிமை மட்டுமே. அவர்கள் தனியாருக்கு விற்றது செல்லாது என்று பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். இதன் பலனை நேயர்கள் கவனிக்க வேண்டும். இனி அவர்களிடம் வாங்கக்கூடியவர் சர்க்கார் ஒருவரே. வாங்குவோர் ஒருவரேயானால் விலையை நிர்ணயிப்பவரும் அவரே. மேலும், பூர்வ குடிகளிடமிருந்து நிலத்தை வாங்கிக் கொள்ள 1737-இல் பத்திரம் செல்லுபடியாயிற்று. அவர்களே முழுச் சொந்தக்காரர், தம் விருப்பப்படி விற்கலாம் என்று கொண்ட பத்திரம் 1823-இல் செல்லாததாயிற்று.

இவை பழங்கதை என்று தள்ளுவோர் உளர். 2004-இல் லெனாப்பே சந்ததியாரின் ஒரு பிரிவினர், 1737-ஆம் வருஷத்து மோசடியை எடுத்துக்காட்டிப் பென்ஸில்வேனியாவில் 315 ஏக்கருக்கு வழக்குத் தொடுத்தனர். கீழ்க் கோர்ட்டு அதைத் தள்ளிற்று. 2006-இல் அப்பீல் கோர்ட்டும் தள்ளிற்று. மோசடி நடந்ததென்றே வைத்துக் கொண்டாலும், பென் குடும்பத்தார் அப்பொழுது ஆளும் அதிகாரம் பெற்றிருந்தனர். ஆளும் அதிகாரம் பூர்வ உரிமையை எவ்விதம் ஒழித்தது என்பதைக் கோர்ட்டு விசாரிக்க இயலாது என்பது முடிவு. நிலம் வாங்க வந்தபொழுது தாமஸ் பென் கிரயதாரராக நின்று பத்திரம் காட்டினார். மோசடி வழக்கு வந்தபொழுதோ அவர் அரசாங்கமாகி விட்டார்!

இன்று அந்நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர்மீது நாம் குற்றஞ் சொல்லவில்லை. ஆனால் கிரயம் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம் என்ற பேச்சைக் கேட்டமாத்திரத்தில் திருப்தியடைபவர்கள், லெனாப்பேக்களின் சரித்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பத்திரத்தை எழுதியவர், நிலத்தை அளந்தவர், தகராறு வந்தபொழுது தீர்த்தவர் ஆகிய மூவரும் ஒரே கட்சியார். அத்தகைய இடத்தில் விற்பவனுக்கு மிஞ்சுவது அவன் இட்ட குறி ஒன்றே.