குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோய்: ஆய்வுகள் கண்டறிந்தவையும் குடும்பத்தார் அறிய வேண்டியவையும்

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கேள்வியுற்ற பெற்றோர் முதலில் கேட்பது ‘பிழைக்குமா?’ என்பதே. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஏ.எல்.எல். எனப்படும் தீவிர நிணநீரணு இரத்தப் புற்றுநோய், முறையான சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்பதே அதற்கான இன்றைய விடை.

கீழப்பாவூர் வட்டாரத்தில் பணியாற்றும் அரசு மருத்துவ அலுவலர் என்ற முறையில், அதற்குப் பின் எழும் இரண்டு கேள்விகளே எனக்கு முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. ‘குழந்தை நன்றாக விளையாடுகிறதே, இன்னும் ஏன் மருந்து?’ என்பது ஒன்று. ‘ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒரு குழந்தை எத்தனை மாதங்கள் எந்த மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது, முன்னர் சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததால் கிடைத்த அறிவாகும்.

நம் நாட்டில் நடந்த ஆய்வு

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததில் 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக அறிவித்தார். அம்மருந்தை உருவாக்கி அளித்த ஆய்வகத்தின் தலைமை அறிவியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1960களில் வின்கிரிஸ்டின் பயன்பாட்டுக்கு வந்தது. அது நம் பகுதியில் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இதைப் படித்துவிட்டு யாரும் அச்செடியின் இலையைக் கஷாயமிட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம். அது நச்சுத்தன்மை உடையது. மருந்து என்பது அதிலிருந்து மிக நுண்ணிய அளவில் பிரித்துத் தூய்மைப்படுத்தப்பட்ட ஒரு பொருள் மட்டுமே.

மருந்துகள் வந்துவிட்ட பின்னரும் 1970களில் இந்தியக் குழந்தைகளின் நிலை மோசமாகவே இருந்தது. 1984ஆம் ஆண்டு சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, புதுதில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மையங்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை நெறிமுறையைப் பின்பற்றத் தொடங்கின. சென்னையில் இதற்கான அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு நிறுவனத்தில், மருத்துவர்கள் எஸ்.கிருஷ்ணமூர்த்தி, வி.சாந்தா ஆகியோரின் முயற்சியால் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு 1960இலேயே அமைந்துவிட்டது.

எம்.சி.பி. 841 நெறிமுறையின் விளைவு தெளிவாக இருந்தது. நான்கு ஆண்டுகள் நோய் மீளாமலும் உயிரிழப்பு நேராமலும் இருந்தோரின் விகிதம் 20 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்தது.

எனினும் அதே காலத்தில் மேலை நாடுகள் எட்டியிருந்த அளவை நாம் எட்டவில்லை. ஏன் என்ற கேள்விக்கு, 1990 முதல் 1997 வரை இம்மையங்களில் சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட அறிக்கை விடை தேடியது. நம் குழந்தைகள் நோய் மிகவும் பரவிய பின்னரே மருத்துவமனைக்கு வந்திருந்தனர். அதற்குத் தாமதமான நோயறிதல் ஒரு காரணம். சிகிச்சையின்போது ஏற்படும் தொற்று முதலான சிக்கல்களால் இறந்தோர் மிகுதி. வீட்டுச் சுகாதாரம், அவசர சிகிச்சைக்கான தொலைவு, மருத்துவமனைகளில் இருந்த துணைச் சிகிச்சை வசதிகளின் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என அவ்வறிக்கை கருதியது. நோயின் மரபணு வகைகளில் உள்ள வேறுபாடும் ஓரளவு பங்கு வகித்திருக்கலாம் என்றும் கூறியது.

இக்காரணங்களில் பல பெரிய மருத்துவமனையின் சுவர்களுக்கு வெளியே நிகழ்பவை. சென்னை நமக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லும் குடும்பங்களும் மலையைக் கடந்தே போக வேண்டும். ஆகவே குழந்தையின் உயிர் தொடர்பான சில முடிவுகள் கீழப்பாவூரிலும் பாவூர்சத்திரத்திலும் வீட்டுத் திண்ணையிலேயே எடுக்கப்படுகின்றன.

தாமதம், காய்ச்சல், இடைநிறுத்தம்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், நாளுக்கு நாள் வெளிறிப்போதல், அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள், ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, கழுத்தில் நெறிகட்டுதல், கால் வலியால் நடக்க மறுத்தல் ஆகியவை இருந்தால் முழு இரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இவற்றில் பலவும் சாதாரண நோய்களிலும் வருபவையே. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். காரணம் அறியாத காய்ச்சலுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கேட்டு வாங்காதீர்கள். இரத்தப் புற்றுநோய் அணுக்களை ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு அடக்கிவிடும். குழந்தை தேறியதுபோல் தோன்றும். அதற்குள் நோயறிதல் தவறிப்போகும், பின்னர் தரப்படும் சிகிச்சையின் கணக்கும் குழம்பும்.

சிகிச்சை தொடங்கிய பின் காய்ச்சலின் பொருளே மாறிவிடுகிறது. கீமோதெரபி மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைப்பதால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலும் அவசர நிலையே. காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்துக் குறைகிறதா என்று பார்க்கவும் வேண்டாம். சிகிச்சை பெறும் மையம் தொலைவில் இருந்தால், 108 ஊர்தியை அழைத்துத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, நரம்பு வழி நோய்க்கொல்லி மருந்தின் முதல் தவணையைப் பெற்ற பிறகே நெடும் பயணத்தைத் தொடங்குங்கள். பணி மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, ‘இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது’ என்பதே. தட்டணுக்கள் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் சதையில் ஊசி போடுவதையும் மலவாயில் வெப்பமானி வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சொல்லும் இங்கு வேண்டும். குற்றாலச் சீசனில் உறவினர் வந்தால் குழந்தையையும் அருவிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. கையிலோ மார்பிலோ மருந்து செலுத்தும் குழாய் பொருத்தப்பட்ட குழந்தை அருவியில் நனையக்கூடாது. கூட்ட நெரிசலும் ஆகாது. வீட்டில் தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வரும்போது, சிகிச்சை பெறும் குழந்தை வீட்டில் இருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்து ஆலோசனை பெறுங்கள். அம்மை கண்ட பிள்ளையுடன் பழக நேர்ந்தால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். நோய் கண்டறியப்படும் வேளையில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதல் மாத சிகிச்சைக்குப் பின் நுண்ணோக்கியில் அவை தென்படா; குழந்தை சிரிக்கும், சாப்பிடும், முடிகூட முளைக்கத் தொடங்கலாம். ஆயினும் நுண்ணோக்கியின் கண்ணுக்குப் புலப்படாமல் ஆயிரம் கோடி அணுக்கள் வரை எஞ்சியிருக்க முடியும். சிகிச்சை இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள் நீள்வது இவற்றை ஒழிக்கவே. அதில் பெரும்பகுதி வீட்டிலேயே மாத்திரை உட்கொள்ளும் பராமரிப்புக் கட்டம்.

இக்கட்டத்தில் மெர்காப்டோப்யூரின் மாத்திரையை உரிய நாள்களில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாக உட்கொண்ட குழந்தைகளிடம் நோய் மீளும் அபாயம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. 95 விழுக்காடு என்றால் இருபது நாள்களில் ஒரு நாள் தவறுவது. பீடி சுற்றும் வேலைக்கும் சந்தை வேலைக்கும் இடையே ஒரு நாள் மறந்துபோவது எவ்வளவு எளிது என்பதை நான் அறிவேன். ஆதலால் நாள்காட்டியில் குறியிடுங்கள். வீட்டில் ஒருவரை மட்டும் பொறுப்பாளராக்குங்கள். பாலுடன் கொடுக்கலாமா, சாப்பிட்ட பின்னா முன்னா, காலையா இரவா என்ற ஐயங்களால் வேளையைத் தவறவிட வேண்டாம். தவறாமல் மாத்திரை உட்கொள்ளும் குழந்தைகளிடம் இப்பழக்கங்கள் நோய் மீள்வதைப் பாதிக்கவில்லை என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியவை.

தொடர்ந்து நான்கு வாரங்கள் சிகிச்சைக்கு வராமல் இருப்பதைப் பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய் வல்லுநர்கள் ‘சிகிச்சையைக் கைவிடுதல்’ என வரையறுத்துள்ளனர். பணமின்மை, பயணம், வீட்டிலுள்ள பிற பிள்ளைகள், அறுவடை, கோயில் கொடை என அதன் காரணங்கள் பல. கைவிடும் நிலை நெருங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெற வழியுண்டு. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. சில இரத்தப் பரிசோதனைகளை உள்ளூரிலேயே செய்து முடிவுகளை அனுப்ப இயலுமா என்று உங்கள் சிகிச்சை மையத்திடம் கேட்கலாம். இடையில் விட்டுப்போயிருந்தாலும் திட்டுவார்களோ என்று அஞ்சித் தயங்காதீர்கள். திரும்ப வந்து சேர்வதே முக்கியம்.

கையெழுத்துக் கேட்கும்போது

‘என் பிள்ளையைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் புதிய மருந்தைப் பற்றியவை அல்ல. ஏற்கெனவே பயன்படும் மருந்துகளை எவ்வளவு, எத்தனை நாள், எந்தக் குழந்தைக்கு என்று துல்லியமாக வகுப்பவை. ஐசிக்கிள் என்ற கூட்டு ஆய்வில் அடையாறு உள்ளிட்ட இந்திய மையங்கள் 1 முதல் 18 வயதுவரை உள்ளோரை நோயின் தீவிரத்துக்கேற்பப் பிரித்து, தேவைக்கு மிஞ்சிய நச்சு விளைவைக் குறைக்க இயலுமா என ஆராய்ந்துள்ளன. இரண்டு முறைகளில் எது சிறந்தது என எவருக்கும் உறுதியாகத் தெரியாதபோது மட்டுமே, எந்தக் குழந்தைக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படுகிறது.

இத்தகைய ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏழு வயது கடந்த குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும். சேர மறுத்தாலும், சேர்ந்த பின் விலகினாலும், வழக்கமான சிகிச்சை மறுக்கப்படாது. கையெழுத்திடுமுன் இவற்றைக் கேளுங்கள்: வழக்கமான சிகிச்சையிலிருந்து இது எவ்வாறு மாறுபடுகிறது? கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும்? செலவு யாருடையது? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? விடை தெளிவாகும்வரை படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெரியவர்களிடம் கலந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

குணமடைந்த பிறகு

அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட ஒரு பெரும் ஆய்வு, குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டோரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. நோயறிந்த 30 ஆண்டுகளுக்குள் அவர்களில் 73 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட உடல்நலக் குறைபாடு தோன்றக்கூடும் என்று 2006இல் அது மதிப்பிட்டது. அவர்கள் 1970, 80களின் கடுமையான சிகிச்சையைப் பெற்றவர்கள். அவ்வறிவைக் கொண்டு தலைக்கான கதிர்வீச்சும் சில மருந்துகளின் அளவும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. அதன் பயனாக, ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் அடுத்த 15 ஆண்டுகளில் இறக்கும் விகிதம் 12.4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்ததை 2016ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. இந்தியாவில் டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்தவர்களுக்கென்றே தனிப் பிரிவை 1991இல் தொடங்கியது.

டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பின்னாளில் தளர்த்தக்கூடும். பெற்ற மொத்த அளவைப் பொறுத்து இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இதய ஸ்கேன் செய்துகொள்ளுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் உயரக் குறைவு, உடற்பருமன், தைராய்டு குறைபாடு, படிப்பில் கவனக்குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின் எந்த மருத்துவரும் ஊகித்து இவற்றைக் கண்டறிய முடியாது. எனவே சிகிச்சை முடியும் நாளில் ஒரு சுருக்க அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். நோயின் பெயர், நாள்கள், ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சின் இடமும் அளவும், இரத்தம் ஏற்றப்பட்ட விவரம் அதில் இருக்க வேண்டும். அதைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தக் கெட்ட காலம் போகட்டும்’ என்று மருத்துவமனைக் காகிதங்களை ஆற்றில் விடுவதும் எரிப்பதும் சில வீடுகளில் உண்டு. அவ்வாறு செய்ய வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மறைத்தல் இன்னும் மிகுதி. வரன் அமையாது என்ற அச்சத்தால் நோய் வரலாறு மாப்பிள்ளை வீட்டாரிடமும், பின்னர் மகப்பேறு மருத்துவரிடமும் மறைக்கப்படுகிறது. இந்நோய் தொற்றுவதில்லை. ஏ.எல்.எல். நோயிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோர் தாய் தந்தையாக இயலும். அவர்களுடைய குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் மிகுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. திருமணப் பேச்சில் எதைச் சொல்வது என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் கர்ப்பத்தின்போது இதயத்தின் சுமை கூடுவதால், குழந்தைப் பருவத்தில் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளைப் பெற்ற பெண் தொடக்க மாதங்களிலேயே இதய ஸ்கேன் செய்துகொள்வது அவசியம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ தனியாகச் சொல்லுங்கள். அந்த அறிக்கையையும் உடன் கொண்டு வாருங்கள். மாமியார் உடன் வந்திருந்தாலும், ‘மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்’ என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம்.