கூடு கட்ட வரும் பாட்டுப் பறவைகள்

வேம்பார் போன்ற தூத்துக்குடிக் கடலோர ஊர்களின் வீட்டு முற்றங்களுக்குப் பாடும் பறவைகளை வரவழைக்க, விலைக்கு வாங்கும் கூண்டுப்பெட்டிகளைவிட அப்பறவைகள் கூடு கட்டும் முறையை அறிந்திருப்பதே பெரிதும் உதவும். தையல்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சிழையையும் செலுத்தி இலையைப் பைபோல் மடித்துத் தைத்து அதனுள் கூடமைக்கிறது. தேன்சிட்டும் தன் தொங்கு கூட்டைச் சிலந்தி நூலாலேயே பிணைப்பதால், தோட்டத்து ஒட்டடையை ஒன்றுவிடாமல் துடைத்தெறிவது (தூய்மை விரும்பிகள் இதை எளிதில் ஏற்கமாட்டார்கள்) அவற்றின் கட்டுமானப் பொருளையே பறிப்பதாகும். கருஞ்சிட்டுக்குச் சுவரின் பொந்தோ கற்குவியலின் இடுக்கோ போதும். குண்டுகரிச்சான் மரப்பொந்தை நாடும், மரப்பெட்டியையும் ஏற்கும்.

பனையைப் பொறுத்தவரை தூக்கணாங்குருவியே சிறப்புக்குரியது. ஆண் குருவி ஓலைக்கீற்றையும் புல்லையும் கிழித்து முடைந்து கூட்டைப் பாதியில் நிறுத்த, பெண் குருவி அதைப் பார்வையிட்டு ஏற்ற பின்னரே ஆண் நுழைவுக்குழாயை முடிக்கிறது என்பதையும், ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல துணைகளைச் சேர்ப்பதையும் மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் கடலோரத்தில் நோக்கிப் பறவையியலாளர் சலீம் அலி 1931இல் எழுதினார். இக்கூடுகள் பனையோலைகளில் தொங்குவதால், முற்றத்துப் பனையில் காய்ந்து தொங்கும் ஓலைகளை மழைக்காலக் கூடுகட்டும் பருவம் முடியும்வரை கழிக்காமல் விடுவதும், ஆழமற்ற மண்சட்டியில் நாள்தோறும் புதுநீர் வைப்பதும், பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பதும் பயன்தரும். ஏனெனில் விதையுண்ணும் தூக்கணாங்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகிறது.