பக்கத்தின் முதல் வரி: டாக்டைப் அறிவிப்பை நிரலில் கையாள்வது எப்படி?

குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அவருடைய திருவருட்பாவை இன்று செல்பேசியிலேயே படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றிய நூல்களில் அதுவும் உண்டு. அந்தக் காலத் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்களில் இருந்தன. பிறகு யூனிகோடு வந்து நிலைத்தது. பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்களும் வந்துவிட்டன.

அப்படி மாற்றும்போது எல்லோருடைய கண்ணும் எழுத்தின் மேல்தான் இருக்கும். எழுத்து சரியாக வந்த பிறகும் சில பக்கங்கள் ஒழுங்காக நிற்பதில்லை. அட்டவணைக்குள் இருக்கும் பாடல் வேறு அளவில் தெரியும், படங்களுக்கு நடுவே கோடு விழும். இதற்குக் குறியேற்றம் பொறுப்பல்ல. பக்கத்தின் முதல் வரியில் இருக்கும், அல்லது இல்லாமல் போன, டாக்டைப் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

அந்த வரி எதற்கு?

1986-இல் தரமாக்கப்பட்ட எஸ்ஜிஎம்எல் என்ற ஆவண முறையிலிருந்து வந்த வழக்கம் இது. ஓர் ஆவணம் எந்த இலக்கண விதித்தொகுப்பைப் பின்பற்றுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1999 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.01-க்கு ஸ்ட்ரிக்ட், டிரான்சிஷனல், ஃபிரேம்செட் என்று மூன்று அறிவிப்புகள் இருந்தன. விதித்தொகுப்பின் பெயரும் அதன் இணைய முகவரியும் சேர்ந்து ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும்.

உலாவிகள் அந்த விதித்தொகுப்பை எடுத்துப் படித்ததே இல்லை. ஆனாலும் அந்த வரிக்கு வேறொரு வேலை கிடைத்தது. பழைய உலாவிகள் சிஎஸ்எஸ் விதிகளைத் தப்பும் தவறுமாகப் பின்பற்றின. அந்தத் தவறுகளுக்கு ஏற்றபடியே ஏராளமான பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. விதியைத் திருத்தினால் பழைய பக்கங்கள் உடையும். திருத்தாவிட்டால் புதிய பக்கங்களை ஒழுங்காக எழுத முடியாது. 2000 மார்ச்சில் மேக் கணினிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இதற்கு ஒரு வழி கண்டது. முதல் வரியில் புதிய டாக்டைப் இருந்தால் தரமான விதிப்படி காட்டும். பழையது இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ பழைய உலாவியைப் போலவே காட்டும். மற்ற உலாவிகளும் இதைப் பின்பற்றின. தரமான விதிப்படி காட்டுவது தர முறை; பழைய வழிக்குக் குவர்க்ஸ் மோட் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, சில வேறுபாடுகளை மட்டும் விட்டுவைக்கும் அரைக் குவர்க்ஸ் மோடும் உண்டு.

இன்றைய உலாவிகளிலும் இந்தப் பிரிவு நீடிக்கிறது. குவர்க்ஸ் மோடில் பக்கத்துக்குக் கொடுத்த எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது. சிஎஸ்எஸ் கிளாஸ் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படாது. தர முறையில் அட்டவணைக் கட்டத்துக்குள் வைத்த படத்தின் அடியில் சிறு இடைவெளி விழும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய பழைய படங்களுக்கு நடுவே கோடு தெரிவது இதனால்தான்.

நிரலில் பார்ப்பது

ஜாவாஸ்கிரிப்டில் டாகுமென்ட் பொருளின் 'டாக்டைப்' பண்பைக் கேட்டால் அறிவிப்பு ஒரு கணுவாகக் கிடைக்கும். அதற்குள் பெயர், பப்ளிக் ஐடி, சிஸ்டம் ஐடி என்று மூன்று தகவல்கள் இருக்கும். அறிவிப்பே இல்லாத பக்கத்தில் 'நல்' என்று வரும். அறிவிப்பு இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பக்கம் தர முறையில் ஓடுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு 'காம்பேட்மோட்' பண்பைக் கேளுங்கள். 'பேக்காம்பேட்' என்று வந்தால் குவர்க்ஸ் மோட். 'சிஎஸ்எஸ்1காம்பேட்' என்று வந்தால் தர முறை, அல்லது அரைக் குவர்க்ஸ். இவ்விரண்டையும் அது பிரித்துச் சொல்லாது.

மாற்றினால் பலிக்குமா?

'கிரியேட்டாகுமென்ட்டைப்' கட்டளையால் புதிய டாக்டைப் கணுவை உருவாக்கலாம். 'ரீப்ளேஸ்சைல்ட்' கட்டளையால் பழையதை எடுத்துவிட்டு அதை வைக்கலாம். பிழைச் செய்தி எதுவும் வராது; ஆவணத்தின் கணு மரத்திலும் புதிய கணு உட்கார்ந்திருக்கும். பக்கத்தின் தோற்றம் மட்டும் இம்மியும் மாறாது. எந்த முறையில் காட்டுவது என்பதை உலாவி கோப்பைப் படிக்கத் தொடங்கும்போதே தீர்மானித்துவிடுகிறது. குறிஞ்சிப்பாடித் தறிகளில் கைலி நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சாயம் தறிக்கு வருமுன் நூலில் ஏற வேண்டியது. ஆகவே டாக்டைப்பைத் திருத்த வேண்டிய இடம் கோப்பு, அல்லது கோப்பை அனுப்பும் சர்வர்.

சேமிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. திறந்திருக்கும் பக்கத்தை 'அவுட்டர்எச்டிஎம்எல்' வழியாக எழுத்தாக எடுத்துச் சேமித்தால் எச்டிஎம்எல் குறியிலிருந்துதான் கிடைக்கும்; அதற்கு மேலே உள்ள டாக்டைப் வராது. சேமித்த பக்கத்தை மறுபடி திறந்தால் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். எழுத்துக்கு முன்னால் அறிவிப்பை நாமே ஒட்ட வேண்டும்.

பிஎச்பி, பைத்தான்

பிஎச்பியின் டிஓஎம்டாகுமென்ட் வகுப்பில் டாக்டைப் இல்லாத எழுத்தை 'லோட்எச்டிஎம்எல்' வழியாக ஏற்றிச் சேமித்துப் பாருங்கள். அது தானாகவே எச்டிஎம்எல் 4.0 டிரான்சிஷனல் அறிவிப்பைச் சேர்த்துவிடும். இந்த அறிவிப்பைக் கண்டால் உலாவி குவர்க்ஸ் மோடுக்குப் போகும். உதவி செய்வதாக நினைத்து அந்த நூலகம் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. 'லிப்எக்ஸ்எம்எல் எச்டிஎம்எல் நோடெஃப்டிடிடி' என்ற தேர்வைக் கொடுத்தால் சேர்க்காது; சரியான அறிவிப்பை நாம் எழுதிக்கொள்ளலாம். பிஎச்பி 8.4-இல் எச்டிஎம்எல்5 விதிப்படி படிக்கும் புதிய வகுப்பு வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்த முடிந்தால் நல்லது.

பைத்தானில் பியூட்டிஃபுல்சூப் நூலகம் அறிவிப்பை 'டாக்டைப்' என்ற தனி வகைப் பொருளாகத் தரும். நூற்றுக்கணக்கான கோப்புகளில் அதைத் தேடிப் பட்டியல் எடுப்பது எளிது. எல்எக்ஸ்எம்எல் நூலகத்தில் 'டாக்இன்ஃபோ' என்ற பண்பில் இதே தகவல் கிடைக்கும்.

எதை எழுதுவது?

இன்றைய அறிவிப்பு மிகச் சிறியது. கோணக் குறி, ஆச்சரியக்குறி, டாக்டைப் என்ற சொல், ஓர் இடைவெளி, எச்டிஎம்எல் என்ற சொல், மூடும் கோணக் குறி. மொத்தம் 15 எழுத்துகள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டல்ல. அதற்கு முன்னால் வெற்றிடமோ குறிப்புரையோ இருந்தால் இன்றைய உலாவிகள் பொருட்படுத்துவதில்லை. வேறு எழுத்து ஒன்று நுழைந்தாலும் கதை முடிந்தது. பிஎச்பி அச்சிடும் எச்சரிக்கைச் செய்தி பக்கத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்து இப்படிக் கெடுப்பது உண்டு.

டாக்டைப் வைத்துவிட்டால் தமிழ் தெரிந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. எழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா குறி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும். மொழியைச் சொல்லும் லாங் பண்பு எச்டிஎம்எல் குறியில் இருக்க வேண்டும்.

பழைய தமிழ்ப் பக்கங்களை மாற்ற நிரல் எழுதுகிறவர்கள் முதலில் எல்லாக் கோப்புகளின் டாக்டைப்பையும் பட்டியல் எடுங்கள். குறியேற்றத்தை மாற்றும் அதே ஓட்டத்தில் முதல் வரியையும் மாற்றி எழுதுங்கள். பிறகு சில பக்கங்களைத் திறந்து காம்பேட்மோடைக் கேட்டு, அட்டவணையும் படமும் உள்ள பக்கங்களைக் கண்ணாலும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.