பேன் சீப்பில் ஒரு வாக்கியம்

உள்ளங்கையில் வைத்து மூடினால் இருப்பதே தெரியாது. நீளம் சுமார் 3.5 சென்டிமீட்டர், அகலம் 2.5 சென்டிமீட்டர். யானைத் தந்தத்தில் செய்த பேன் சீப்பு. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள். மறுபக்கம் பேனையும் ஈரையும் வாரியெடுக்க நெருக்கமாகப் பதினான்கு பற்கள். அம்மாவின் மடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கிடைத்த இடம் லாகீஸ். எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் மண்மேடாகக் கிடக்கும் கானானியப் பெருநகரம். லாகீஸ் என்றாலே பலருக்கும் போர்தான் நினைவுக்கு வரும். கி.மு. 701-ல், நகரம் யூதா அரசின் கையில் இருந்தபோது, அசீரிய மன்னன் சனகெரிப் மதிலை ஒட்டிக் கற்களைக் கொட்டிச் சரிவுப்பாதை எழுப்பி அதைப் பிடித்தான். நினிவே அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கவைத்த அந்த முற்றுகைக் காட்சியை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சீப்பு அதற்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது. யோசெப் கார்ஃபிங்கல் தலைமையிலான அகழாய்வில் 2016-ல் வெளிப்பட்டது. அதன்மேல் எழுத்து இருப்பது ஐந்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. படாததில் வியப்பில்லை: ஒவ்வோர் எழுத்தும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான், அதுவும் மேலோட்டமான கீறல். 2021-ல் குழுவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அதைக் கவனித்தார். கல்வெட்டறிஞர் டேனியல் வைன்ஷ்டுப் வாசித்துச் சொன்னார். 17 எழுத்துகள், 7 சொற்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்பது பொருள்.

சீப்பில் இருப்பது கானானிய எழுத்து; சில பத்து எழுத்துகளால் எந்தச் சொல்லையும் எழுதிவிடலாம் என்று உலகுக்குக் காட்டிய எழுத்துமுறை. கிரேக்க, லத்தீன் எழுத்துகளின் மூதாதையும் அதுவே. இந்தச் சீப்புக்கு முன் அந்த எழுத்தில் கிடைத்தவை தனிச்சொற்களும் துண்டுகளும்தாம். முழு வாக்கியமாகக் கிடைத்த மிகப் பழையது இந்தச் சீப்பில் இருப்பது. அது கடவுள் புகழாகவோ அரசாணையாகவோ இல்லாமல் அரிப்புத் தாங்காத ஒரு மனிதரின் வேண்டுதலாக இருப்பது என்னை நெகிழவைக்கிறது.

கார்பன் கணிப்பு கைகொடுக்கவில்லை. எழுத்தின் வடிவைக் கொண்டே கி.மு. 1700 என்கிறார்கள். கானானில் அப்போது யானை கிடையாது. தந்தம் எகிப்திலிருந்து வந்திருக்கலாம். ஆகவே சொந்தக்காரர் வசதியானவர். ஆனாலும் பேன் விடவில்லை. பற்களெல்லாம் என்றோ உடைந்து அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்க, நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டாவது பல்லில் அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு பேன் குஞ்சின் தோல் ஒட்டியிருந்தது.